ஊர் ஆக்கள்

யூன் 3, திங்கள்

தரம் ஆறுக்கு இன்று மெசொப்பொத்தேமியா தொடங்கினேன். யூப்ரடீஸ், தைகிரிஸ் என்று கரும்பலகையில் இரண்டு ஆறுகளை வரைந்து, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உலகத்தின் முதல் நகரங்கள் எழுந்தன என்றேன். பதினான்கு பிள்ளைகளில் பாதிப் பேர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நகரங்களில் ஒன்றின் பெயர் 'ஊர்' என்று சொன்ன பிறகுதான் வகுப்பு விழித்தது.

"ஊரின்ர பேரே ஊரோ டீச்சர்?" என்றான் டனுசன்.

"ஓம்."

"அப்ப எங்க போறாய் எண்டு ஆரும் கேட்டா?"

"ஊருக்குப் போறன் எண்டுதான் சொல்லுவினம்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. கம்சிகா மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி, "அந்த ஆக்கள் இப்ப எங்க டீச்சர்?" என்று கேட்டாள். எல்லோரும் செத்து நாலாயிரம் வருசத்துக்கு மேலாகிறது, ஆனால் அவர்களுடைய பானைகள், நகைகள், எழுத்து எல்லாம் மண்ணுக்குள் இருந்து கிடைத்திருக்கின்றன என்றேன். "மண்ணைக் கிண்டினால் எல்லாம் கிடைக்குமோ?" என்றாள்.

கெட்டிக்காரி. தாய், வீட்டில் இருந்தபடி வலை பின்னுகிறவர், தகப்பன் கடலுக்குப் போகிறவர்.

தண்ணீர்ப் பம்பு மறுபடி இழுக்கவில்லை. இரண்டு வாளி கிணற்றில் அள்ளினேன்.

யூன் 5, புதன்

புற்றுமண் குழைத்துப் பலகைகள் செய்தோம். ஈர்க்கால் குத்திக் குத்தி ஆப்பு எழுத்து. டனுசன் தன் பலகையில் "ராசா குளிக்கப் போயிட்டார்" என்று எழுதியதாகச் சொன்னான். நாலாயிரம் வருசம் கழித்து இதை வாசிக்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டேன். "ராசா சுத்தமான ஆள் எண்டு நினைப்பான்" என்றான்.

அந்தச் சிரிப்பில்தான் யோசனை வந்தது. இந்தப் பலகைகளையும் உடைந்த சட்டி பானைகளையும் மண்ணில் புதைத்து, பிள்ளைகளை விட்டுத் தோண்டி எடுக்க வைத்தால் என்ன? கயிறு கட்டிச் சதுரம் பிரிக்கலாம். தூரிகை, பழைய பல்துலக்கி, சிரட்டை போதும். அதிபர் யோகலிங்கம் சேர் சம்மதித்தார். "மாணவர் மையக் கற்பித்தல் எண்டு வலயத்துக்குப் படம் எடுத்து அனுப்பலாம்" என்று சந்தோசப்பட்டார். பிள்ளைகளின் தொகை குறைவு என்று இந்தப் பள்ளிக்கூடத்தை மூட வலயக் கல்வி அலுவலகம் காத்திருக்கிறது. அவருக்கு அந்தக் கவலை.

சமையல் கொட்டிலுக்குப் பின்னால் உள்ள இடத்தைத் தெரிவு செய்தேன். பூவரசு நிழல் இருக்கிறது, மணலும் மெத்தென்று இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிற தவமக்காவிடம் உடைந்த சட்டிகள் கேட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். அதிகம் பேசாதவர். சட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்கே புதைக்கப் போகிறேன் என்று கேட்டார். காட்டினேன்.

"அதுக்குள்ள வேண்டாம் டீச்சர். பாம்பு கிடக்கு."

"எங்கட பிள்ளையளுக்குப் பாம்பு புதுசோ அக்கா?"

"முன்பக்கம் எவ்வளவு வெளி கிடக்கு. அங்க கிண்டுங்கோ."

முன்பக்கம் வெயில் என்றேன். அவர் தான் அங்கே நட்டு வளர்க்கிற செவ்வரத்தைப் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் செடிகளில் கை வைக்க மாட்டோம், அதற்கு இப்பால்தான் கயிறு கட்டுவோம் என்று உறுதி சொன்னேன்.

யூன் 8, சனி

பாடசாலைக்குப் போய்த் தனியாகவே எல்லாவற்றையும் புதைத்தேன். ஒரு முழம் ஆழம். முதுகு வலி.

ஆரணி மட்டக்களப்பிலிருந்து போன் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் பரீட்சை பின்போடப்பட்டதாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். "அம்மா, நீங்கள் ஏன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டுப் போனீங்கள்? ஒருத்தரும் கேட்டுப் போறதில்லையே" என்றாள். கடற்காற்று, வேலை குறைவு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

யூன் 10, திங்கள்

இப்படி ஒரு நாள் என் பதினெட்டு வருச ஆசிரிய வாழ்க்கையில் இல்லை. பிள்ளைகள் முழங்காலில் நின்று மண்ணைத் தட்டுகிறார்கள், ஊதுகிறார்கள், ஒருவரையொருவர் பொறு பொறு என்கிறார்கள். "எதையும் இழுக்கக் கூடாது. பொருளை எடுக்கிறதில்லை, அதைச் சுத்தி இருக்கிற மண்ணைத்தான் எடுக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கம்சிகா அதை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். டனுசன் தன் சட்டி விளிம்பை இழுக்கப் போக, கையில் ஒரு அடி போட்டாள்.

மதியத்துக்குள் நான் புதைத்த எல்லாமே வந்துவிட்டன. ராசா குளிக்கப் போன பலகை இரண்டாய் உடைந்திருந்தது. அதிபர் படம் எடுத்தார்.

நாளைக்கும் தொடரலாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் கீழே போனால் மண்ணின் நிறம் மாறுவதைக் காட்டலாம். கீழே உள்ள அடுக்குப் பழையது, மேலே உள்ளது புதியது. அது முக்கியமான பாடம்.

யூன் 11, செவ்வாய்

கடைசிப் பாடவேளை. கிடங்கு பிள்ளைகளின் இடுப்பளவுக்கு வந்திருந்தது. பையன்களுக்கு அலுத்துப்போய்ப் பூவரசங்காய் எறிந்து விளையாடத் தொடங்கிவிட்டார்கள். கம்சிகா மட்டும் ஒரு மூலையில் குந்தியிருந்து தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இஞ்ச வாங்கோ."

முதலில் ஒரு துணியின் ஓரம். அதற்குப் பக்கத்தில் மண்ணிறமாய் நீளமாய் ஒன்று. நான் சொல்லிக் கொடுத்தபடியே அவள் அதை இழுக்கவில்லை. சுற்றியிருந்த மண்ணை மட்டும் எடுத்திருந்தாள். அவ்வளவு சுத்தமாக.

"மாட்டெலும்பு" என்றான் டனுசன்.

"மாடு சறம் கட்டுமோ?" என்றாள் கம்சிகா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுக்க வெளிச்சம். "டீச்சர், இது ஊர் ஆக்களின்ர எலும்போ?"

"ஓம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு ஒரு பாயை எடுத்துவந்து போர்த்தேன். திரும்பினால் தவமக்கா நிற்கிறார். கையில் கழுவாத அகப்பை. கொட்டிலுக்குள் போய் இரண்டு அரிசிச் சாக்கு கொண்டுவந்து பாய்க்கு மேல் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார்.

அதிபரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம்.

"மூடி விடுங்கோ டீச்சர்."

"எப்பிடிச் சேர் மூடுறது?"

"மண்ணைப் போட்டுத்தான். சண்டையின்ர கடைசி மாசங்களில இந்தப் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாய் இருந்தது எண்டு இஞ்ச ஆருக்குத் தெரியாது? செத்த ஆக்களை எங்க கொண்டு போயிருப்பினம்? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரிஞ்சுகொண்டுதான் இருக்கிறம்."

"சட்டப்படி அறிவிக்கோணும்."

"அறிவிச்சால் நாளைக்குக் கேற்றைப் பூட்டுவாங்கள். பூட்டின கேற்றை வலயம் திறக்காது. இந்தப் பிள்ளையள் பிறகு எங்க படிக்கிறது? எட்டுக் கட்டை தூரம் தள்ளி எந்தப் பெட்டையை அனுப்புவினம்?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். நாளைக்கு ஊர் முழுக்கக் கதை வரும். அறிவிக்காமல் இருந்தால் நாங்கள் மறைத்தோம் என்றாகும்.

பின்னேரம் தவமக்கா என் வீட்டுப் படலையில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மண்ணைப் போட்டு மூடுங்கோ டீச்சர். கும்பிட்டுக் கேக்கிறன்."

"பயப்பிடாதேங்கோ அக்கா. உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"அதில்லை."

"அப்ப என்ன?"

கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார். பாவம், பொலிஸ் என்றால் எல்லோருக்கும் பயம்.

யூன் 12, புதன்

காலையில் பாடசாலைக்குப் போகும் முன் பொலிஸுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன்.

யூன் 14, வெள்ளி

நீதவான் வந்து பார்த்துவிட்டுப் போனார். மஞ்சள் நாடா கட்டியிருக்கிறார்கள். வாசலில் இரண்டு பொலிஸ்காரர் கதிரை போட்டு இருக்கிறார்கள். அதிபர் சொன்னபடியே பாடசாலை மூடியாயிற்று. திங்கட்கிழமை ஹஜ் விடுமுறை. செவ்வாயிலிருந்து மாதா கோயில் மண்டபத்தில் வகுப்பு.

என்னை இரண்டு தரம் விசாரித்தார்கள். பொலிஸ் ஒரு தரம், சாதாரண உடுப்பில் வந்த இருவர் ஒரு தரம்.

"அந்த இடத்தை ஏன் தெரிவு செய்தனீங்கள்?"

"நிழல்."

"யாராவது சொல்லித் தந்தவையா?"

"இல்லை."

"கணவர்?"

"இல்லை."

"இல்லை என்றால்?"

"இல்லை என்றால் இல்லை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

யூன் 18, செவ்வாய்

மண்டபத்தில் ஒன்பது வகுப்புகளும் ஒன்றாய் இரைகின்றன. தரம் ஆறில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். கம்சிகா வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று டனுசன் சொன்னான்.

மாலையில் பார்க்கப் போனேன். தாய் வலையை மடியில் போட்டபடி வாசலை மறித்து நின்றார்.

"எலும்பு பொறுக்கவோ டீச்சர் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டனாங்கள்? பெட்டை நித்திரையில எழும்பி எழும்பிக் கையைக் கழுவுறாள்."

"நான் ஒருக்கா அவளோட கதைக்கிறன்."

"நீங்கள் கதைச்சது காணும்."

உள்ளே பாயில் கம்சிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது தெரிந்தது.

சாப்பாட்டுக்கும் இப்போது வழியில்லை. தவமக்கா வேலைக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குப் பிஸ்கற் கொடுத்தோம்.

யூன் 25, செவ்வாய்

அகழ்வு நேற்றுத் தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரியும் பல்கலைக்கழகத்து ஆட்களும் வந்திருக்கிறார்கள். பாடசாலை சார்பில் யாராவது ஒருவர் அங்கே நிற்பது நல்லது என்று அதிபரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நில்லுங்கோ" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

வகுப்பு முடிந்ததும் போய் வேலிக்கு வெளியே நின்றேன். தூரிகை, சிறிய கரண்டி. எதையும் இழுக்காமல் சுற்றியுள்ள மண்ணை மட்டும் எடுக்கிறார்கள்.

கம்சிகா கண்டெடுத்த ஆளை முழுதாய்த் திறந்திருக்கிறார்கள். கட்டையான ஆள். அருகே இன்னொருவர் தெரிகிறார்.

யூன் 27, வியாழன்

இரண்டாமவருக்கு இடது காலில் தகடு இல்லை.

ஆரணியின் அப்பாவுக்கு 2007இல் கால் முறிந்தபோது வைத்தார்கள்.

யூன் 28, வெள்ளி

மூன்றாமவர் ஒரு பெண் என்று நினைக்கிறார்களாம்.

பஸ்ஸில் வரும்போது, வீதியோரக் கொட்டிலில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரில் இரண்டு பேர் ஏறினார்கள். நொச்சிக்கண்டல் பள்ளிக்கூடத்துக்குத்தான் போய் வருகிறோம் என்று சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள்தானே அந்த டீச்சர்? நல்ல வேலை செய்தீங்கள் பிள்ளை" என்று கையைப் பிடித்தார். "உங்கட ஆக்கள் ஆரும்?" என்று கேட்டார். நான் அரச உத்தியோகம் என்றேன். சம்பந்தமில்லாத பதில். அவர் கையை விடவில்லை.

யூலை 1, திங்கள்

செவ்வரத்தைச் செடிகளை வெட்டினார்கள். கிடங்கு அந்தப் பக்கமாகவும் போவதாகச் சொன்னார்கள்.

வெட்டிய கொஞ்ச நேரத்தில் தவமக்கா வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலை வாரவில்லை, செருப்பும் இல்லை. பொலிஸ்காரர் மறித்தார். அவரைத் தள்ளிக்கொண்டு நாடாவுக்குக் கீழே புகுந்துவிட்டார். கிடங்கின் விளிம்பில் போய் நின்றார். உள்ளே சீலைத் துணி தெரிந்தது. ஊதாவில் மஞ்சள் கரை. மண்ணுக்குள் பதினைந்து வருசம் கிடந்தும் அந்தக் கரை தெரிந்தது.

"அவரை மெல்லத் தூக்குங்கோ" என்றார் தவமக்கா. "இடுப்பில காயம் இருக்கு."

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சட்ட வைத்திய அதிகாரிக்கு ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் எழுந்து வந்து, உள்ளே கிடக்கிறவர் யார் என்று கேட்டார்.

"என்ர மனுசன். ஜெயசீலன். நான்தான் கிடங்கு வெட்டித் தாட்டனான். என்ர சீலையாலதான் சுத்தினது. பிள்ளையும் இல்லை எங்களுக்கு, கொள்ளி வைக்கவும் ஆளில்லை. நான்தான் தாட்டனான், இந்தக் கையாலதான்."

அவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். அதைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் அதிகாரி அவரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அளந்தார்கள், படம் எடுத்தார்கள், ஒவ்வொன்றாய் எடுத்துப் பெட்டியில் வைத்து இலக்கம் ஒட்டினார்கள்.

"எப்ப திருப்பித் தருவியள்?" என்று தவமக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பரிசோதனை முடிந்த பிறகு, நீதிமன்றம் சொன்ன பிறகு என்றார்கள். வாகனம் போன பின்பும் அவர் கதிரையிலேயே இருந்தார். நான் கிட்டப் போனேன். என்னைப் பார்த்தார். வேலித் தூணைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

பாம்பு கிடக்கிறது என்று சொன்னாரே.

யூலை 3, புதன்

தவமக்கா வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே கொளுவியிருந்தது. சட்டியில் ஏதோ தாளிக்கும் வாசனை வந்தது. கூப்பிட்டேன். தாளிக்கும் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

கொண்டுபோன சீனியையும் தேயிலையையும் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

யூலை 4, வியாழன்

அவை வாசலிலேயே இருக்கின்றன. எறும்பு மொய்க்கிறது.

யூலை 8, திங்கள்

அகழ்வு முடிந்தது. மொத்தம் நான்கு பேர். வேறு யாரும் இல்லை என்று மண்ணை மூடிவிட்டார்கள். வலயத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, அனுமதியின்றி வெளிக்களச் செயற்பாடு செய்ததாக. அனுமதி தந்த அதிபர் அதை என்னிடம் நீட்டும்போது தரையைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வருச முடிவு வரை மண்டபத்தில் வகுப்பு நடத்த எழுதிக் கேட்டு வாங்கியிருப்பவர் அவர்தான்.

கம்சிகா வந்தாள். மெலிந்திருந்தாள். நான் சிந்துவெளி தொடங்கப் புத்தகத்தைத் திறந்தேன். மொகெஞ்சதாரோவின் வடிகால், பெரிய குளம் என்று இரண்டு வசனம் சொல்லியிருப்பேன். அவள் கையை உயர்த்தவில்லை, எழும்பி நின்றாள்.

"டீச்சர், நீங்கள் அது ஊர் ஆக்கள் எண்டு சொன்னீங்கள்."

மண்டபத்தில் மற்ற வகுப்புகளின் இரைச்சல். என் முன்னால் இருந்த ஒன்பது பேரும் அசையவில்லை.

"ஓம், சொன்னனான். அது பொய்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொன்னீங்கள்?"

பயமாயிருந்தது என்றேன். டீச்சருக்குப் பயம் வருமா என்பது போல டனுசன் பார்த்தான். பிறகு புத்தகத்தை மூடிவைத்தேன். அவர்கள் பிறப்பதற்கு முன்பு இந்தப் பக்கத்தில் நடந்ததை, எனக்குத் தெரிந்த அளவுக்கு, பதினொரு வயதுக்குச் சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னேன். சனங்கள் நடந்து வந்ததை, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானதை, மருந்து முடிந்ததை. அவர்களுக்குப் பாதி தெரிந்தே இருந்தது. வீட்டில் பெரியவர்கள் பேசிப் பேசி நிறுத்திக்கொண்ட இடங்களெல்லாம் தெரிந்திருந்தது.

"நான் எடுத்த ஆள் ஆர்?" என்று கம்சிகா கேட்டாள்.

"தெரியேல்லை அம்மா. தேடுகினம்."

"அவரை நான் இழுக்கேல்லை டீச்சர். மண்ணைத்தான் எடுத்தனான்."

"தெரியும்" என்றேன். "நீ நல்லாச் செய்தனீ."

அப்போதுதான் அவள் அழுதாள். இந்த ஒரு மாசமும் அழவில்லை என்று பிறகு தாய் சொன்னார்.

யூலை 13, சனி

தவமக்கா கதவைத் திறந்தார். நான் கூப்பிடவே இல்லை. படலையில் நின்றுகொண்டிருந்தேன், அவரே திறந்தார். உள்ளே இருக்கச் சொல்லவில்லை. நானாக வாசற்படியில் இருந்தேன்.

"கோட்டுக்கு வரச் சொல்லிக் கடதாசி வந்திருக்கு" என்றார். "வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். வருகிற இருபத்துநாலாம் திகதி, அவர் தாட்டது யாரை, எப்போது, எப்படி என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அது சரியாக இருந்தால் பரிசோதனை முடிய அவரிடமே கொடுப்பதற்கு இலகுவாக இருக்கும் என்று விளக்கினேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீங்கள் என்னத்துக்கு?"

"என்னாலதானே அக்கா."

அவர் படிக்கு மேல், நான் கீழே. அவர் பேசியது என் தலைக்கு மேலிருந்து வந்தது.

"ஆமிக்காரர் முள்ளுக்கம்பி அடிச்சிருந்த காலத்திலயே நான் வேலிக்கு வெளியில நிண்டு பாத்தனான். பள்ளிக்கூடம் திறந்தவுடன சமையலுக்கு ஆள் வேணும் எண்டாங்கள். சம்பளம் எவ்வளவு எண்டுகூடக் கேக்கேல்லை. ஒவ்வொரு நாளும் உலையை வச்சுப்போட்டுப் பின்னால போய் அவரோட கதைப்பன். பக்கத்தில மூண்டு பேர். பேர் தெரியாது. அவைக்கும் சேத்துத்தான் பூக்கண்டு வச்சனான். தன்ர ஆள் எங்க கிடக்கிறார் எண்டு தெரிஞ்ச மனுசி இந்தப் பக்கத்தில நான் ஒருத்திதான் டீச்சர். இப்ப எனக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிருந்தால்…"

"முதல் நாளே உங்கட சட்டி பானை எல்லாம் வந்திட்டுது. நான் கொட்டிலுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ரண்டாம் நாள் என்னத்துக்கு டீச்சர் கிண்டினனீங்கள்?"

மண் அடுக்குகளைக் காட்ட என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"நீங்கள் உங்கட ஆளைத் தேடினனீங்கள்" என்றார் தவமக்கா. கோபமே இல்லாத குரல். "அதுக்கு என்ர ஆளைக் கிண்டி எடுத்துப்போட்டீங்கள்."

என்னுடைய ஆள் பற்றி நான் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

யூலை 17, புதன்

பம்பு திருத்த ஆள் வந்தார். வால்வு தேய்ந்துவிட்டதாம்.

யூலை 24, புதன்

நீதிமன்றத்துக்குப் போனோம். தவமக்கா ஊதா நிறச் சீலை உடுத்திருந்தார். நல்லதாய் இருக்கிறது என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

அவர் சாட்சிக் கூண்டில் நின்று நடுங்காமல் சொன்னார். எந்தப் பக்கம் தலை வைத்தார், எதனால் தோண்டினார், மண் போட உதவிய பெடியனுக்கு எந்தக் கையில் கட்டுப் போட்டிருந்தது என்பதெல்லாம். நீதவான் குறுக்கிடாமல் கேட்டார். பரிசோதனை அறிக்கை வந்ததும் அடையாளம் ஒத்திருந்தால் மனைவியிடம் ஒப்படைக்கலாம் என்று கட்டளையிட்டார். எப்போது என்று தவமக்கா அங்கேயும் கேட்டார். மாதங்கள் ஆகலாம் என்றார்கள். அவர் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சனம் இல்லை. யன்னல் ஓரத்தில் நான், பக்கத்தில் அவர். கனதூரம் வந்த பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பிடி இருப்பார்?"

"ஆர்?"

"உங்கட ஆள். அந்த நாளையில இஞ்ச கிடந்த ஆக்கள் எல்லாரையும் நான் பாத்தனான். மனுசனுக்குத் தண்ணி பருக்கிப்போட்டு மற்றவைக்கும் குடுப்பன். பேர் தெரியாது, முகம் எல்லாம் தெரியும். சொல்லுங்கோ."

பெயர் குகதாசன் என்றேன். இத்தனை நாளும் இந்தக் கொப்பியில்கூட நான் அதை எழுதவில்லை. உயரம், என்னைவிட ஒரு சாண் கூட. மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர், நகக் கண்ணில் கறுப்பு எப்போதும் இருக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. பேசும்போது வலது கண் கொஞ்சம் சுருங்கும். தேத்தண்ணீருக்குச் சீனி போட மாட்டார், கையில் வைத்து நக்குவார். பாட்டு வராது, ஆனால் பாடுவார். அப்போது ஆரணிக்கு ஆறு வயது. என்னையும் பிள்ளையையும் முன்னால் போகச் சொல்லி அனுப்பியவர் அவர்தான், பின்னால் வருகிறேன் என்றார். சித்திரை மாசம் காயப்பட்டார் என்று கேள்வி. பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் முகாமில் வந்து சொன்னார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பதற்குள் சொன்னவரை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். பஸ் நின்று நின்று போனது. கண்டக்டர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். தவமக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பாயாக, ஒவ்வொரு முகமாக அவர் உள்ளுக்குள் குனிந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்திய பின்பும் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் என் கைக்கு மேல் வந்தது. வெங்காயமும் சாம்பலும் ஊறிய சொரசொரப்பான கை.

"இல்லை டீச்சர்" என்றார். "அப்பிடி ஒருத்தர் இஞ்ச வரேல்லை."

மூன்று வருசம் அந்தப் பூவரசைப் பார்த்துக்கொண்டு பாடம் எடுத்திருக்கிறேன்.

"அப்ப?" என்றேன். சின்னப் பிள்ளை கேட்பது போலத்தான் இருந்திருக்கும்.

"அப்ப, தேடுங்கோ. நானும் வாறன் வேணுமெண்டால்." கையை எடுத்துச் சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். "ஆனா இனிப் பிள்ளையளை விட்டுத் தேடாதேங்கோ."

"ஓம்" என்றேன்.